ஹெரால்டில் ஒரு லொடலொட

சி.டி.எச். ரோட்டில் என் ஹெரால்டு காரில் சத்தமே இல்லை. செவ்வாப்பேட்டைக்குள் திரும்பி முதல் வேகத்தடையில் ஏறி இறங்கினால் 'லொட லொட'. கிளட்ச் மிதிக்கும் காலுக்கு முன்னால், டேஷ்போர்டுக்கு அடியில் கேட்கிறது.

*

மெக்கானிக் சொன்னது: "எங்க வருதுன்னு சொல்லாதீங்க சார், எப்ப வருதுன்னு சொல்லுங்க." தகடு சத்தத்தைத் தூரம் கடத்திவிடும். இடத்தைச் சொல்வதில் காது ஏமாறும். நேரத்தைச் சொல்வதில் ஏமாறாது.

*

'எப்போது' பட்டியல்:
நின்ற வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால்: வரவில்லை. டேப்பெட்டும் சைலன்சர் கிளாம்ப்பும் பின்னுக்குப் போயின.
நல்ல ரோட்டில் வேகம் கூட்டினால்: வரவில்லை. புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் அல்ல.
பிரேக்கை லேசாக மிதித்தபடி பள்ளத்தில் இறங்கினால்: அதே சத்தம். பிரேக் ஷூ அல்ல.
மேடு பள்ளத்தில் மட்டும்: ஷாக் அப்சார்பர், புஷ், அல்லது பாடி.

*

ஸ்டெப்னி, ஜாக், ஸ்பேனர் எல்லாம் டிக்கியிலிருந்து வெளியே. சத்தம் போகவில்லை. முன்பக்கத்தை அழுத்திவிட்டால் ஒருமுறை எழுந்து நின்றுவிடுகிறது. ஷாக் நன்றாக இருக்கிறது. லீவர் போட்டு நெம்பிப் பார்த்ததில் புஷ்களிலும் ஆட்டம் இல்லை.

மிச்சம் பாடி.

*

ஹெரால்டின் பாடி ஒரே கூடு அல்ல. 1950-களில் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபுக்கு பாடி செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ, போட்டி நிறுவனமான பி.எம்.சி.யின் கைக்குப் போனது. ஒரே இடத்தில் முழு பாடி கிடைக்க வழியில்லை. தனி சேஸ் வைத்து, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டில் பூட்டினார்கள். வடிவம் இத்தாலியின் மிக்கெலோட்டி. 1959-ல் இங்கிலாந்தில் வந்தது. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தயாரித்தது. 948 சி.சி.

இணைப்பு ஒவ்வொன்றும் சத்தம் பிறக்க ஒரு வாய்ப்பு. ஆனால் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் எட்டிவிடலாம். இந்த வண்டியை நான் நேசிப்பதற்கு அதுவே போதும்.

*

பானெட்டின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டினேன். அதே லொட!

ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்புறமாகச் சாயும். பின் விளிம்பு ஃபயர்வாலைச் சந்திக்கும் இடத்தில் பக்கத்துக்கு ஒரு ரப்பர் கோன். வலது கோனில் நகம் பதிகிறது. இடது கோன் கல்லாய் இறுகி, தலை தேய்ந்து பளபளக்கிறது. அந்தப் பக்கத்துக் கொக்கியும் தளர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அத்தனை பெரிய தகடு குதித்துக்கொண்டிருந்திருக்கிறது.

சைக்கிள் டியூபை வெட்டி, மடித்து, கோனின் தலையில் ஒட்டினோம். கொக்கியையும் இறுக்கினோம். அதே வேகத்தடை. சத்தம் இல்லை.

*

டியூப் சோதனைக்குத்தான், ரிப்பேருக்கு அல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரப்பர் மோல்டிங் செய்யும் பட்டறைகள் உண்டு. மாதிரியைக் கொடுத்தால் அச்செடுத்துத் தருவார்கள். ஜோடியாகவே செய்ய வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் பானெட் கோணலாக உட்காரும்.

*

"பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்பதை நான் ஏற்கவில்லை. கழன்றதோ தேய்ந்ததோ இல்லாமல் புதுச் சத்தம் வராது. இன்று பானெட் ரப்பர். நாளை அதே போன்ற சத்தம் ஸ்டீயரிங் இணைப்பில் வரலாம். சத்தத்துக்குக் காது பழகிவிட்டால் அந்த எச்சரிக்கை வீணாகிவிடும்.

*

ஸ்டாண்டர்டு ஆலை 1980-களின் இறுதியில் ஓய்ந்தது. அங்கிருந்து இனி கோன் வராது. அதனால் கோனின் உயரம், அடி விட்டம், போல்ட் துளை மூன்றையும் வெர்னியரில் அளந்து படமாக வரைந்து வைத்திருக்கிறேன். ஹெரால்டு வைத்திருக்கும் யார் கேட்டாலும் கொடுக்கலாம்.