அல்ஹம்ராவின் சுவர்கள் பேசுகின்றன

ஸ்பெயின் நாட்டின் கிரனாடா நகருக்குச் செல்லும் அயல்நாட்டார் முதலில் நாடுவது அல்ஹம்ரா அரண்மனையையே. 'சிவந்தது' என்பது அப்பெயரின் பொருள். 1238இல் சுல்தான் முதலாம் முஹம்மது தொடங்கிய இக்கட்டடப் பணியை, அவர் வழிவந்த நஸ்ரி சுல்தான்கள் விரிவுபடுத்தினர்.

முன்பதிவு செய்த சீட்டையும் கடவுச்சீட்டையும் காட்டியே உள்ளே நுழைய வேண்டும். சீட்டில் குறித்த நேரம் தவறினால் நஸ்ரி மாளிகைகளைக் காண இயலாது. நாங்கள் சென்ற அன்றும் பெருங்கூட்டம். 12 கற்சிங்கங்கள் சூழ்ந்த நீரூற்றைச் சுற்றிப் படம் பிடிப்போரின் நெரிசல். நின்று பார்க்க விடாமல் பின்னால் வருவோர் தள்ளினர்.

ஆயினும் சற்றே ஒதுங்கிச் சுவர்களை நோக்குங்கள். பூவேலை என்று பலரும் கடந்து செல்பவற்றுள் அரபு எழுத்துகள் மிளிர்கின்றன. 'வலா காலிப இல்லல்லாஹ்' - அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் எவனுமில்லை! நஸ்ரி சுல்தான்களின் இம்முழக்கம் திரும்பும் திசையெல்லாம் பொறிக்கப்பட்டுள்ளது.

1492 ஜனவரி 2 அன்று கடைசி சுல்தான் அபூ அப்துல்லாஹ் நகரை ஒப்படைத்தார். வென்ற பெர்டினாண்டும் இசபெல்லாவும் இம்மாளிகையை இடிக்கவில்லை, செப்பனிட்டுத் தங்கினர். அவர்களின் பேரர் ஐந்தாம் சார்லஸ் அருகிலேயே 1527இல் தமக்கோர் அரண்மனை எழுப்பத் தொடங்கினார். அது முற்றுப்பெறும் முன்பே அவரும் மறைந்தார்.

தோற்றவரும் இல்லை, வென்றவரும் இல்லை. அவ்வாசகம் மட்டும் இரு சாராருக்கும் பொதுவான பாடமாய் நிலைத்து நிற்கிறது. அங்கே செல்லும் நம் இளைஞர்கள், படம் பிடிக்குமுன் அதனைப் படிக்கட்டும்.