தறியோரப் பள்ளி

காஞ்சியில் எமக்கு முதற் பள்ளியாய் அமைந்தது எம் இல்லத்துப் பட்டுத்தறியே. பாவிழைகளை எண்ணிக் கணக்குப் பயின்றோம். ஓய்வு நாட்களில் எந்தையார் எம்மையும் தமக்கையாரையும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்தேகி, திருச்சுற்றுச் சுவரிற் செதுக்கிய பல்லவர் வரலாற்றைக் கற்பிப்பார். இரண்டாம் நந்திவர்மன் 12 வயதில் முடிசூடினான் என்பார்.

அவ்வயதில் தமக்கையார் தறியில் அமர்ந்தார். உடலும் கரையும் இணையும் கோர்வைச் சேலைக்குக் கரைநாடா எறிய இன்னொரு கை வேண்டியிருந்தது. யாமோ பள்ளி சென்றோம். 6 முதல் 14 வயதினர்க்குக் கல்வியை உரிமையாக்கிய 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்க்குப் பயன்படாது பிந்தி வந்தது.

இன்று விடுமுறைதோறும் யாம் நாடா எறிய, அவர் எழுத்துப் பயில்கின்றார். எம்மினும் விரைந்தே பயில்கின்றார். நண்பர்காள், இல்லம் நற்பள்ளியே. ஆயின் அங்குப் பிள்ளையின் கை கூலிக்கு ஈடாகலாகாது.