பச்சை வாசனை

தில்லியின் சனவரி மாதத்தில் இட்லி மாவு எளிதில் புளிக்காது. இரவில் நான்கைந்து பாகை செல்சியசுக்கு இறங்கிவிடும் ஊரில், முப்பது பாகையை ஒட்டிய சூட்டை விரும்பும் நுண்ணுயிரிகள் உறங்கிப்போவது இயற்கை. 1989-ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மணமாகி, ஆர்.கே.புரத்து அரசுக் குடியிருப்புக்கு வந்த அம்மையாருக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் குளிர்காலத்தில் அரைத்து வைத்த மாவு இரண்டு நாள் கழித்தும் அரைத்த மேனிக்கே கிடந்தது. அழுதுவிட்டதாக அவரே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொல்வார்.

பிறகு வழிகள் பிறந்தன. வெந்நீர் நிரப்பிய குக்கருக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி மூடினார். கோதுமை மாவு டின்னுக்குள் தூக்குச் சட்டியைப் புதைத்து வைத்தார். எதுவும் சரிப்படாத ஓர் இரவில் கணவருடைய ரஜாயைப் பறித்து, வெந்நீர்ப் பையோடு சேர்த்து மாவைச் சுற்றிக் கட்டிலுக்கு அருகிலேயே கிடத்தினார். அன்று அளவு மிஞ்சிவிட்டது. விடியற்காலையில் அலுவலகத்துக்கு எழுந்தவரின் கால் குளிர்ந்த, நுரைத்த எதன்மீதோ பதிந்தது. அந்த ரஜாயிலிருந்து புளிப்பு வாடை ஹோலிப் பண்டிகை வரையிலும் போகவில்லை என்பது குடும்பத்தின் நிலைத்த கதைகளுள் ஒன்று. கணவர் அதை விருந்தினரிடம் சொல்லும்போதெல்லாம் அம்மையார், “அன்றைய இட்லியில் பதினொன்றைத் தின்றவர் யார் என்று கேளுங்கள்” என்பார்.

முப்பது ஆண்டுகளில் அந்தச் சிறிய அடுக்களை ஒரு சோதனைச்சாலையாகவே ஆகியிருந்தது. முருங்கைக்காய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் ஐ.என்.ஏ. சந்தைக்குப் பேருந்து ஏறிச் செல்வது மாதாந்தரக் கடமை. மேல்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்திடம் கற்றுக்கொண்டு, கறுப்புக் கேரட்டை நீளவாக்கில் அரிந்து, கடுகுத் தூளும் உப்பும் சேர்த்து வெயிலில் வைத்துக் காஞ்சி போட்டார். நம் ஊர்க் கஞ்சிக்கும் இதற்கும் பெயரளவே ஒற்றுமை. இது புளித்த பானம். முதல் ஆண்டு அது கெட்டுப்போய்விட்டது என்று எண்ணிக் கொட்டிவிட்டார். கெட்டது எது, பதமானது எது என்று அயல் உணவில் அறிய மூக்குக்கும் பயிற்சி வேண்டியிருக்கிறது. மறு ஆண்டு முதல் மேல்வீட்டார் இவரிடம் வந்து முகர்ந்து பார்க்கச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

அவருடைய சமையலில் அளவுக் கரண்டிக்கு இடமில்லை. மூடியைத் திறக்காமலே மாவு பொங்கியதை அறிவார். கூடத்திலிருந்தபடி, “புளி இன்னும் கொதிக்கட்டும்” என்பார். 2019-இல் மகன் கர்வாலைச் சேர்ந்த பெண்ணை மணந்து அழைத்து வந்தபோது, மருமகள் முதல் வாரமே ஒரு குறிப்பேட்டோடு அடுக்களையில் நின்றார். எத்தனை நிமிடம் என்ற கேள்விக்கு மாமியாரிடமிருந்து கிடைத்த விடை ஒன்றுதான்: பச்சை வாசனை போகும் வரை. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் தேவநாகரி எழுத்தில் ‘பச்சை வாசனை’ என்ற தொடர் நான்கு இடங்களில் எழுதப்பட்டு, நான்கிலும் கேள்விக்குறி இடப்பட்டிருக்கிறது.

அந்தக் கேள்விக்குறி நியாயமானது. தமிழ்ச் சமையற்குறிப்புகளில் வினை முடிவதைச் சுட்டும் அளவுகோலாக இத்தொடரே பெரும்பாலும் வருகிறது. இது எந்தப் பொருளின் மணமும் அன்று. மஞ்சளுக்கும் புளிக்கும் இஞ்சிக்கும் பூண்டுக்கும் வெவ்வேறு மணம் இருக்க, அவை அனைத்தின் வேகாத நிலைக்கும் ஒரே பெயர். பச்சை என்பது இங்கே நிறமும் அன்று. இந்தியில் இதே கட்டத்தை விளக்க மருமகள் அறிந்த தொடர், மசாலா எண்ணெயை விடத் தொடங்கும் வரை வதக்கு என்பது. கச்சாத்தன்மை போக வேண்டும் என்று இந்தியிலும் சொல்வதுண்டு. ஆனால் மருமகளுடைய தாய் அடுப்பருகே நின்று கற்பித்தது, ஓரங்களில் எண்ணெய் கசிவதைப் பார்க்கத்தான். மாமியார் மூக்கால் முடிவு செய்த இடத்தில் மருமகள் கண்ணால் முடிவு செய்தார். இரண்டு ஆண்டுகள் இது சின்னச் சின்னப் பிணக்குகளுக்குக் காரணமாயிருந்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மாமியாரே வென்றார்.

2021 ஏப்ரல் 19 இரவு தில்லியில் ஊரடங்கு தொடங்கியது. அந்த வாரக் கடைசியில் அம்மையாருக்கும் மகனுக்கும் காய்ச்சல். அந்நாள்களில் தில்லியில் இருந்தவர்களுக்கு அவற்றை விவரிக்கத் தேவையில்லை. இந்த வீட்டில் எல்லோரும் பிழைத்தார்கள். அதுவே அப்போது பெரிய செய்தி. மேல்வீட்டார் கதவருகே வைத்துவிட்டுப் போன கிச்சடியை உண்டபோது, பாவம், அவசரத்தில் பெருங்காயம் போட மறந்துவிட்டார்கள் என்று அம்மையார் எண்ணிக்கொண்டார். காய்ச்சல் விட்டு எழுந்து தாமே ரசம் வைத்த அன்றுதான் ஐயம் தோன்றியது. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே பிடித்தார். காலி டப்பாவை முகர்ந்தது போலிருந்தது. பக்கத்தில் இருந்த காப்பித்தூள், மிளகு, சீயக்காய் எல்லாவற்றையும் திறந்து பார்த்தார். கடைசியில் குப்பைக் கூடையையும்.

எவரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவர் இன்றுவரை நேரான விடை கொடுத்ததில்லை. உயிரோடு எழுந்ததே போதாதா, இதைப் போய் ஒரு குறையாகச் சொல்வதா என்ற கூச்சம் ஒன்று. மற்றொன்றை ஊகிக்கலாம். வேலைக்குப் போகாத, பட்டப்படிப்பை முடிக்காத, முப்பத்திரண்டு ஆண்டுகள் தில்லியில் வாழ்ந்தும் இந்தியில் ஆண்பால் பெண்பால் தடுமாறும் ஒருவருக்கு, மறுப்பின்றி அதிகாரம் செல்லுபடியான இடம் அந்த அடுக்களை மட்டுமே. அதற்கான ஒரே சான்றிதழ் அவருடைய மூக்கு.

ஆகவே அவர் ஒளித்தார். நாக்கு உப்பையும் புளிப்பையும் இனிப்பையும் கசப்பையும் அறியும். மிளகாயின் எரிச்சல் வேறு நரம்பின் வழியே போவதால் அதுவும் தெரியும். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, வாய்க்குள்ளிருந்து மூக்குக்கு ஏறும் மணம். அது இல்லாத நிலையில் வத்தல் குழம்பு அவருக்குக் காரமும் புளிப்பும் கொண்ட ஒரு சூடான நீர். எனினும் காதும் கண்ணும் இருந்தன. கடுகு வெடிப்பது அடங்கும் நொடி, வத்தல் எண்ணெயில் விழுந்ததும் எழும் பேரொலி ஈரம் வற்ற வற்ற மெலிவது, தோசைக்கல்லில் தெளித்த நீர் முத்துகளாக ஓடுவது, ரசத்தில் நுரை கூடி விளிம்பில் ஒதுங்குவது. இவையெல்லாம் முன்பும் இருந்தவைதாம். மூக்கின் நிழலில் கிடந்தவை. வதக்கும்போது அவர் ஓரங்களில் எண்ணெய் பிரிவதைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். மருமகள் அதைக் கவனித்தார், ஒன்றும் கேட்கவில்லை. தன் முறைதான் சரி என்று மாமியார் ஒருவழியாக ஒப்புக்கொண்டுவிட்டதாக உள்ளூர மகிழ்ந்ததாகப் பின்னர் சொன்னார்.

மே மாத இறுதியில் ஒரு காலைப்பொழுது. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. அம்மையார் பாலைத் துடைத்தார். பாத்திரம் பொங்கியதால் தாமே அடுப்பை நிறுத்திவிட்டதாக நினைத்து, திரும்பி நின்று வெண்டைக்காய் நறுக்கத் தொடங்கினார். எல்பிஜி வாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. கசிவை மனிதர் உணரவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்கேப்டன் என்னும் நெடி மிகுந்த பொருளை அதில் கலக்கிறார்கள். அந்த ஏற்பாடு முழுவதும் மூக்கை நம்பியது. பக்கத்து அறையில் கணினியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மருமகள் ஓடிவந்து குமிழைத் திருகி, சன்னல்களைத் திறந்து, மாமியாரைக் கைப்பிடித்துப் பின்பக்கத்து வராந்தாவுக்கு இழுத்துச் சென்றார். மற்றோர் அடுப்பைப் பற்றவைக்க லைட்டர் மேடைமீது தயாராக இருந்தது.

“அம்மா, உங்களுக்கு வாடை வரவில்லையா?”

“வருவதில்லை. ஒரு மாதம் ஆகிறது.”

கையில் பாதி நறுக்கிய வெண்டைக்காய் இருந்தது என்பதும், அதை அவர் அந்த உரையாடல் முழுவதும் கீழே வைக்கவில்லை என்பதும் மருமகளின் நினைவில் நிற்பவை.

மாலையில் கணவரும் மகனும் சேர்ந்துகொண்டு கடிந்தனர். கணவருக்குக் கோபம் என்பதைவிட அச்சம். இனி அடுப்பருகே தனியே நிற்கக்கூடாது என்றார். மகன் இணையத்தில் வாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வரவழைத்தான். அது பெருங்காயத் தாளிப்புக்கும் அலறியது. இரண்டாம் நாளே அதைத் தூக்கிச் சுவரில் உயரத்தில் மாட்டினார்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும் என்று மருமகள் எடுத்துச் சொன்ன பின் மீண்டும் கீழே இறங்கியது. அதன் அலறலோடு வாழக் குடும்பம் பழகிக்கொண்டது.

மூக்கின் மருத்துவர் சொன்ன பயிற்சி எளியது. டிரெஸ்டன் நகரத்து தாமஸ் ஹம்மெலும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட முறை: ரோஜா, எலுமிச்சை, இலவங்கம், யூகலிப்டசு ஆகிய நான்கு மணங்களை நாளுக்கு இருமுறை, பல வாரங்கள் முகர்ந்துவர வேண்டும். கடையில் குப்பிகள் வாங்கத் தேவையில்லை என்று அம்மையார் சிரித்தார். பன்னீர், எலுமிச்சைத் தோல், கிராம்பு, நீலகிரித் தைலம் எல்லாம் வீட்டிலேயே இருந்தன. காலையும் மாலையும் விளக்கேற்றியதும் நான்கு சிமிழ்களையும் வரிசையாகத் திறந்து கண்மூடி முகர்வார். முகர்வதோடு அந்த மணத்தை நினைவுகூரவும் முயலவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மணத்தை நினைவுகூர்வது எப்படி? நிறத்தைக் கேட்டால் கண்ணுக்குள் வருகிறது. பாட்டைக் கேட்டால் காதுக்குள் வருகிறது. கிராம்பை நினைத்தால் தமக்குப் பல்வலியும் பாட்டியும்தான் வருகின்றன என்றார் அவர்.

மணத்துக்கு மொழிகளில் சொற்கள் குறைவு என்பது நெடுநாள் கருத்து. மலேயத் தீபகற்பத்தின் ஜஹாய் மொழியினர் நிறங்களுக்கு இணையாக எளிதில் மணங்களுக்குப் பெயரிடுவதை அசிஃபா மஜீதும் நிக்லாஸ் புரென்ஹூல்ட்டும் 2014-இல் காட்டியபின் அது ஆட்டம் கண்டது. தமிழ் அடுக்களையைக் கேட்டிருந்தாலும் சற்று ஆட்டம் கண்டிருக்கும். கவிச்சி, முடை, காறல், ஊசல், வீச்சம், மக்கல் ஆகியவை தனியொரு பொருளின் பெயரைக் கடன் வாங்காத சொற்கள். வள்ளுவர் ஐம்புலன்களை எண்ணுகையில் நாற்றம் என்பது மணம் அனைத்துக்கும் பொதுப்பெயர். இன்று அதன் பொருள் கீழ்மைப்பட்டு நிற்கிறது.

செப்டம்பரில் மணம் திரும்பியது, ஆனால் தலைகீழாக. காப்பி, ரப்பர் எரிவதைப்போல் நாறியது. வெங்காயம் வதங்கினால் குமட்டல். இழந்த மணம் மீளும் வழியில் பலருக்கும் இப்படி நேர்வதுண்டு. காப்பியும் வெங்காயமும் அதில் முன்னிற்பவை. டிகாஷன் இறங்கும் ஒலியோடு விடிந்து வந்த வீட்டில் காப்பி நின்றது. கணவர் மேல்வீட்டுக்குச் சென்று ஏலக்காய்த் தேநீர் குடித்துவிட்டு, வாய் கொப்பளித்துக்கொண்டு இறங்கி வருவார். அம்மையார் ஏழு கிலோ எடை குறைந்தார். அந்த மாதங்களில் அவர் விரும்பி உண்டது தயிர்ச்சோறு ஒன்றே, அதுவும் குளிர்ந்தபின்.

அப்போதுதான் பௌடியிலிருந்து மருமகளின் தாய் அனுப்பிய பொட்டலம் வந்தது. கரும்பழுப்பு நிறத்தில் கடுகினும் சிறிய விதைகள். ஜக்கியா என்பார்கள், கர்வாலில் உருளைக்கிழங்குக்கும் கீரைக்கும் அதைத் தாளிக்காமல் விடமாட்டார்கள். கடுகைப் போல் வெடித்து அடங்கிய பிறகும் பல்லில் நறுக்கென்று உடைவது அதன் இயல்பு. மருமகள் அதை எண்ணெயில் பொரித்துத் தயிர்ச்சோற்றின்மேல் கொட்டினார். மாமியார் ஒரு கவளம் மென்றார், நிறுத்தினார், மறுபடி மென்றார். மணம் வேண்டாத சுவை அது; ஒலியும் உடைவுமாக வாய்க்குள் நிகழ்ந்தது. இரண்டாம் முறை சோறு கேட்டது ஆறு மாதங்களில் அன்றுதான்.

இது எந்தச் செடி என்று கேட்டார். மருமகள் கைபேசியில் படத்தைக் காட்டினார்: மஞ்சள் பூ, பிசுபிசுப்பான நீள் காய்.

“இது நாய்க்கடுகு!” என்றார் அம்மையார். “வரப்போரம் முளைக்கும். பிடுங்கி எறிவோம்.”

பௌடியில் இதை உரிய விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்று கேட்டு நெடுநேரம் சிரித்தார். பிறகு தாளிப்புப் பெட்டியில் வெந்தயத்தை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டு, அந்தக் கிண்ணத்தை ஜக்கியாவுக்குக் கொடுத்தார். அவர் பெட்டியின் ஏழு கிண்ணங்களும் முப்பது ஆண்டுகளாக இடம் மாறாதவை.

காப்பி அடுத்த கோடையில் மெல்லத் திரும்பியது. வெங்காயமும் திரும்பியது. கிராம்பும் எலுமிச்சையும் தெளிவு, ரோஜா ஓரளவு. பெருங்காயம் மட்டும் இன்னும் வரவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கையில் அவர், “போயிற்றா?” என்று கேட்பார். மருமகள் குனிந்து முகர்ந்து, “போயிற்று, அம்மா” என்பார், தமிழிலேயே. குறிப்பேட்டின் முதல் பக்கத்துக் கேள்விக்குறிகள் இப்போது அடிக்கப்பட்டுள்ளன.

சென்ற வாரம் புளிக்குழம்பு வைத்தபோது மருமகள் அப்படிச் சொல்லி அடுப்பைத் தணிக்கப் போனார். அம்மையார் கையை நீட்டித் தடுத்தார்.

“இன்னும் போகவில்லை.”

“உங்களுக்குத் தெரிகிறதா?”

அவர் மூடியை எடுத்து முகத்தை ஆவிக்கு அருகே கொண்டுபோனார். தெரிகிறது என்றும் சொல்லவில்லை, தெரியவில்லை என்றும் சொல்லவில்லை. கூடத்திலிருந்து கணவர், பசிக்கிறது என்று குரல் கொடுத்தார். இருவரும் அடுப்பைத் தணிக்காமல், இன்னும் இரண்டு நிமிடம் காத்திருந்தார்கள்.