‘நத்திங் ஸ்பெஷல்’னு சொல்லாதீங்க பாஸ்!

“உங்க ஊரைப் பத்திச் சொல்லுங்க.” இன்டர்வியூவில் இப்படி இங்கிலீஷ்ல கேட்டா என்ன சொல்வீங்க ஃப்ரெண்ட்ஸ்?

எனக்கு குருபரப்பள்ளி. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவுல ஹைவேயை ஒட்டின ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பசங்களுக்கு இன்டர்வியூ பயிற்சி கொடுக்கிறேன். தமிழ், தெலுங்கு, கன்னடம்னு மூணு பாஷையிலும் வெளுத்துக் கட்டுற பசங்க. ஆனா இந்தக் கேள்வி வந்தா மட்டும், “ஸ்மால் வில்லேஜ் சார், நத்திங் ஸ்பெஷல்!”

கேட்கிறவர் என்ன நினைப்பார்? ஃபேக்டரி வந்த பிறகுதான் இந்தப் பக்கமே பொறந்துச்சுன்னு நினைச்சுட்டுப் போயிடுவார். பசங்களுக்கு விஷயம் தெரியும். காலத்தைச் சொல்ற இங்கிலீஷ் சொற்கள் சேர்ந்தாப்ல வாயில வரலை, அவ்வளவுதான். தனித்தனி வார்த்தையா படிக்காம, கொத்தாப் பிடிச்சுக்கங்க.

நம்ம மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைச்ச இரும்பின் காலம் கி.மு. 2172-ன்னு 2022-ல் தமிழக அரசு அறிவிச்சது. ‘இட் டேட்ஸ் பேக் டு த தேர்ட் மில்லினியம் பி.சி.’னு சொல்லுங்க. ‘வாஸ் டேட்டட் பேக்’ வேண்டாம். இரும்புக் காலம்னா ‘த அயர்ன் ஏஜ்’. அங்கே ‘பீரியட்’ ஒட்டாது. ஆனா வெள்ளைக்காரன் காலத்துக்கு ‘த கலோனியல் பீரியட்’ கச்சிதமா ஒட்டும்.

அடுத்து 1792. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் பகுதி திப்பு சுல்தான்கிட்ட இருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போச்சு. வருஷம் 17-ல ஆரம்பிச்சாலும் நூற்றாண்டு 18. அதனால ‘இன் த லேட் எய்ட்டீன்த் செஞ்சுரி’. அதுக்கு முன்னாடி ‘ட்யூரிங் த ரெய்ன் ஆஃப் திப்பு சுல்தான்’. பின்னாடி ‘அண்டர் பிரிட்டிஷ் ரூல்’.

ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். அதுக்கு அழகான ஒரு கொத்து இருக்கு: ‘அட் த டர்ன் ஆஃப் த ட்வென்டியத் செஞ்சுரி’. நூற்றாண்டு திரும்பற இடம்!

கடைசியா ஓசூர் சிப்காட். ‘இன் த நைன்டீன் செவன்டீஸ்.’

ஒண்ணு கவனிச்சீங்களா? தமிழ்ல ‘நூற்றாண்டில்’, ‘1970களில்’னு ‘இல்’லைப் பின்னாடி ஒட்டிடறோம். இங்கிலீஷ்ல அந்த வேலையை முன்னாடி நின்னு ‘இன்’ செய்யுது. செஞ்சுரிக்கும் செவன்டீஸுக்கும் கூடவே ‘த’வும் வரணும். நம்ம ஆளுங்க அதிகமா முழுங்கறது இந்த ‘த’வைத்தான். தனி வருஷம்னா ‘இன் 1792’ போதும், ‘த’ வேண்டாம்.

இவ்வளவையும் சேர்த்துச் சொன்னா ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதுக்குள்ளே நாலாயிரம் வருஷம்!

உங்க ஊர்லயும் ஒரு கோயிலோ, ஏரியோ, நடுகல்லோ இருக்கும். அதோட காலத்தைத் தாத்தா பாட்டிகிட்டயோ, கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர்கிட்டயோ கேளுங்க. நாலே வரி எழுதி, சத்தமாச் சொல்லிப் பழகுங்க. அடுத்த இன்டர்வியூவில் அந்த ‘நத்திங்’குக்கு வேலை இருக்காது!