நல்ல தண்ணி கேட்கும் இன்ஜின்

முட்டம் கடற்கரையில் ஓலைச்சாய்ப்பின் கீழ் மர ஸ்டாண்டில் மாட்டியிருந்த 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜினின் மூடியைக் கழற்றியதும் கண்ணில் பட்டது வெள்ளைப் பொடிதான். இரும்பு செந்துருவாகக் காட்டிக்கொடுத்துவிடும். அலுமினியம் வெள்ளையாகப் பூக்கும். விரலால் தட்டினால் உதிரும், அடியில் குழி விழுந்திருக்கும்.

"இத வலிச்சுத் திருப்புனா போல்ட் தல மட்டும் கையில வரும் சார்" என்றார் மெக்கானிக். இந்தக் கரையில் படகுக்காரர்கள் தாங்களே கழற்றி மாட்டிக்கொள்பவர்கள். புது இன்ஜின் லட்ச ரூபாயைத் தாண்டும். பட்டறையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் கடல் போகாத நாள். தங்களால் ஆகாததை மட்டும் இவரிடம் தூக்கி வருகிறார்கள்.

உடல் அலுமினியம், போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீர் இரண்டையும் நனைத்தால் அங்கே ஒரு சின்ன பேட்டரி உருவாகிவிடும், கரைவது அலுமினியம். அதிலிருந்து வரும் வெள்ளைப் பொடிக்கு உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும் என்பதால் அது மரைக்குள் அடைத்துப் போல்ட்டை இறுக்கிக்கொள்கிறது. முரட்டு பலம் செல்லாது.

அவர் முந்தைய நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தார். பெட்ரோல் டேங்கைத் தூரத்தில் வைத்துவிட்டு, கேஸ் டார்ச்சைப் போல்ட்டில் காட்டாமல் சுற்றியுள்ள அலுமினியத்தில் காட்டினார். சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிட அதிகம் விரியும், பிடி தளரும். ஆனால் அலுமினியம் இரும்பைப்போலச் சிவந்து எச்சரிக்காது. 660 டிகிரியை எட்டும் முன்பே அப்படியே உருகிவிடும். அதனால் அடிக்கடி ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். சொட்டு சுரீரென்று துள்ளியதும் டார்ச்சை அணைத்தார். பிறகு ஸ்பானரைப் போட்டு, கழற்றும் பக்கம் திருப்பாமல், முதலில் மயிரிழை அளவு இறுக்கினார். அந்த அசைவில் பொடி நொறுங்கும். கொஞ்சம் தளர்த்தல், மறுபடி எண்ணெய், மறுபடி இறுக்கல். அவசரமே இல்லை. போல்ட் முழுதாக வெளியே வந்தபோது எனக்குத்தான் மூச்சு வந்தது.

உள்ளே குளிர்நீர் ஓடும் வழியெல்லாம் உப்புப் பாறை. வெந்நீர் விட்டு மரக்குச்சியால் குத்தி எடுத்தார். கழிப்பறை ஆசிட் ஊற்றுபவர்கள் உண்டு. அது உப்போடு அலுமினியத்தையும் தின்னும். வெளிக்குழிகளைச் சுரண்டி எபாக்சி அடைத்து, தேய்த்த அன்றே அலுமினியத்துக்கான பிரைமர் அடிக்க வேண்டும். கேஸ்கெட் உட்காரும் முகத்தில் குழி விழுந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. ஆர்கன் வெல்டிங், லேத் பட்டறை என்று போகவேண்டியதுதான்.

இன்ஜினின் காலில் ஒரு துத்தநாகக் கட்டி இருக்கும். அலுமினியத்துக்கு முன்னால் தான் கரைந்து மற்றதைக் காப்பாற்றுவதே அதன் வேலை. 1824-இல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்கச் சொன்ன அதே உத்தி. இந்த இன்ஜினில் அதன்மேல் அழகாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கடல்நீர் தொடாத துத்தநாகம் யாரையும் காப்பாற்றாது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

இத்தனை வேலையையும் பெருமளவு தவிர்க்க ஒரே வழி, கரை வந்ததும் இன்ஜினின் காலை நல்ல தண்ணீர் டிரம்மில் முக்கிப் பத்து நிமிடம் நியூட்ரலில் ஓடவிடுவது. எல்லாருக்கும் தெரியும். செய்பவர் சிலரே. ஏன் என்று கேட்டதற்கு, குடங்களோடு நின்ற ஓர் அம்மா பதில் சொன்னார்: "குடிக்கவே குடம் எண்ணித்தான் பிடிக்கோம். இன்ஜினுக்கு எங்க போவ?"

ஆடிக் காற்றில் வள்ளம் கவிழ்ந்து இன்ஜின் கடலில் முங்கினால் இன்னும் அவசரம். எடுத்ததும் காற்றில் காயவிட்டால் சில மணி நேரத்தில் உள்ளே துரு பிடிக்கத் தொடங்கிவிடும். பிரிக்கும்வரை அதை நல்ல தண்ணீருக்குள்ளேயே மூழ்க வைத்திருக்க வேண்டும். அதற்கும் தண்ணீர்தான் வேண்டும்.

ஆகவே, படகுக்காரர்களின் அலட்சியம் என்று இதை ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். மீன் இறங்குதளங்களில் ஏலக்கூடம் கட்டுகிறார்கள், வலைபின்னும் கூடம் கட்டுகிறார்கள். மீன்வளத்துறை அவற்றோடு ஒரு நல்ல தண்ணீர்க் குழாயும், இன்ஜின் முக்கும் தொட்டியும் கட்டித் தரவேண்டும்.