கீழ்வீட்டுப் புகை

எழுத்துகள் பிறக்கும் விதத்தைச் சொல்ல வந்த தொல்காப்பியர் வாயிலிருந்தோ தொண்டையிலிருந்தோ தொடங்கவில்லை, கொப்பூழிலிருந்து தொடங்குகிறார். அங்கே எழுகிற காற்று மேலே ஏறி, தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் தங்கி, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் உதவியோடு எழுத்தாக வெளிப்படுகிறது என்பது அவர் கணக்கு. நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் இந்தப் பிறப்பியலைப் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டிருக்கிறோம். வயிற்றுக்கும் பேச்சுக்கும் உள்ள உறவைப் பற்றி அப்போது யார் யோசித்தார்கள்? எனக்கு அந்த யோசனை ஐம்பத்தெட்டாவது வயதில் வந்தது. அதுவும் புத்தகத்தைப் புரட்டி வரவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது வந்தது.

ஒரே வீட்டில் மாடியில் ஒருவரும் கீழே ஒருவருமாகக் குடியிருந்து பழகியவர்களுக்கு நான் சொல்லப் போவது சுலபமாக விளங்கும். கீழ்வீட்டில் விறகடுப்பு மூட்டினால் கீழ்வீட்டு அம்மாளுக்கு ஒன்றும் ஆவதில்லை. அவளுக்குப் புகை பழகிப் போயிருக்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமுகிறவர் மாடிக்காரர்தான். என் வயிறும் என் குரலும் சில வருஷங்களாக இப்படித்தான் குடித்தனம் நடத்தி வருகின்றன.

நான் இருப்பது ஏற்காட்டு மலையில், வெள்ளக்கடையில். டெலிபோனில் விலாசம் சொன்னால், "வெல்லக்கடையா? மண்டியா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. தெளிந்த குரலில் சொன்னால் ளகரம் ளகரமாகவே போய்ச் சேரும். குரல் கம்மின பிறகு, எத்தனை அழுத்திச் சொன்னாலும் பலனில்லை. பாதிப் பேருக்கு நான் வெல்ல வியாபாரியாகிவிட்டேன்.

சேலத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவுகள் ஏறி வந்தால் ஏற்காடு. ஏறக்குறைய 5,000 அடி உயரம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டு வந்தார். இன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் காப்பித் தோட்டம்தான். நிழலுக்குச் சில்வர் ஓக் மரங்கள். அந்த மரங்களைக் கட்டிக்கொண்டு மிளகுக் கொடிகள். வீட்டோரங்களில் ஆரஞ்சு மரங்கள். காப்பி, மிளகு, ஆரஞ்சு, இந்த மூன்றும் இந்த மலையின் செல்வம். இந்த மூன்றையும் குறைத்துக்கொள் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவன் இங்கே குடியிருந்து என்ன செய்வது? சங்கீதக்காரர் வீட்டு மாப்பிள்ளைக்குக் காது கேட்காமல் போன கதைதான்.

முதலில் எல்லாரும் பனியைத்தான் குற்றம் சொன்னார்கள். மார்கழியில் இங்கே மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும். ஆகவே காலையில் எழுந்ததும் குரல் வராமல் போனது யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. பக்கத்துத் தோட்டத்து மேஸ்திரிக்கும் அந்தச் சமயத்தில் குரல் கம்மியிருந்தது. தினமும் விடிந்ததும் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற மனிதர் அவர். "பனிதானுங்க ஐயா. தை வெயில் அடிச்சாச் சரியாப் போயிடுமுங்க" என்றார். அவர் குரலும் என் குரலும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதைக் கேட்டவர்கள், இரண்டு பழைய கதவுகள் திறந்து மூடுகின்றன என்று நினைத்திருப்பார்கள்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. மிளகும் மஞ்சளும் போட்ட பால் ஒருவர் சொன்னார். அதிமதுரம் ஒருவர், தூதுவளை ரசம் ஒருவர், பனங்கற்கண்டு ஒருவர். சேலத்தில் ஒரு டாக்டர் சளி என்று தீர்மானித்து, மூன்று தடவை மாத்திரை எழுதிக் கொடுத்தார். தை வந்தது, வெயிலும் வந்தது, குரல் வரவில்லை. தொண்டையில் நெல்லிக்காய் அளவில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருப்பது போன்ற நினைப்பு. விழுங்கினாலும் இறங்காது, காறினாலும் வராது. சாப்பிடும்போது மட்டும் அது இருப்பதே தெரியாது. நிமிஷத்துக்கு ஒரு தரம் கனைத்துக்கொண்டே இருந்தேன். நான் தெருமுனை திரும்புகிறபோதே கனைப்பைக் கேட்டு என் மனைவி அடுப்பில் காப்பித் தண்ணீரை வைத்துவிடுவாள்.

எழுதுகிறவனுக்குக் குரல் எதற்கு என்று கேட்கலாம். கச்சேரி செய்கிறவர் கவலைப்படலாம், வக்கீல் கவலைப்படலாம், பள்ளிக்கூட வாத்தியார் கவலைப்படலாம். நாவல் எழுதுகிறவன் வாயை மூடிக்கொண்டே எழுதலாம் அல்லவா? என் வழக்கம் வேறு. முப்பது வருஷமாக, எழுதின அத்தியாயத்தை அன்று ராத்திரி என் மனைவிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். காதில் உதைக்கிற வாக்கியத்தை அங்கேயே அடித்துவிடுவேன். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டு கேட்பாள். எங்கே மடிப்பது நிற்கிறதோ அங்கே கதை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். குரல் போனதும் அந்த ராத்திரிகள் போயின. கையெழுத்துப் பிரதியை அவளிடம் நீட்டினேன். ஒரு பக்கம் படித்துவிட்டு, "இது நீங்க எழுதின மாதிரியே இல்லீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. தொண்டையில் கட்டி, போகாத கம்மல் என்றால் மனசு எந்த வியாதியின் பெயரைச் சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். நாங்கள் இருவரும் அந்தப் பெயரை வாயில் எடுக்கவில்லை. பேசாத அந்தப் பேச்சுதான் வீட்டில் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் தொண்டை டாக்டரிடம் போனேன். மூக்கு வழியாக நூல் போன்ற ஒரு குழாயை உள்ளே விட்டு, என் குரல்வளையை எனக்கே திரையில் காட்டினார். மனிதன் தன் குரல் நாண்களைத் தானே பார்க்கிற இந்த வித்தையைத் தொடங்கி வைத்தது வைத்தியரல்ல, ஒரு பாட்டு வாத்தியார். மானுவல் கார்சியா என்ற ஸ்பானியர், 1854-ல், சிறிய பல் வைத்தியக் கண்ணாடி ஒன்றையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துக்கொண்டு தம் தொண்டைக்குள் பார்த்தார். மறு வருஷம் லண்டனில் அதைப் பற்றிக் கட்டுரையும் வாசித்தார். நூறு வயதைத் தாண்டி, 1906-ல்தான் இறந்தார். பாடத் தெரிந்தவர்களுக்குத்தான் தொண்டையின் அருமை தெரிகிறது!

"பயப்பட ஒன்றுமில்லை" என்றார் டாக்டர். "கட்டி கிடையாது. பின்பக்கம் சிவந்து வீங்கியிருக்கிறது. உங்களுக்குப் புளி ஏப்பம் வருவதுண்டா? நெஞ்சு கரிக்குமா?"

"கிடையவே கிடையாது" என்றேன்.

"அதுதான் இந்த வியாதியின் சாமர்த்தியம்" என்று சொல்லிவிட்டு விளக்கினார்.

இரைப்பையில் சுரக்கிற அமிலம் சாமானியமானதல்ல, ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் கூடவே பெப்ஸின் என்று ஒரு பொருள். 1836-ல் ஷ்வான் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்டுபிடித்தது. நாம் தின்கிற புரதத்தை அறுத்துக் கரைப்பது அதன் வேலை. இவற்றைத் தாங்குவதற்கு இரைப்பைக்கு உள்ளே மெழுகினாற்போல் ஒரு பூச்சு உண்டு. உணவுக் குழாய்க்கும் ஓரளவு தடுப்பு உண்டு. குரல்வளைக்கு அப்படி எந்தக் கவசமும் இல்லை. உணவுக் குழாயின் கீழே ஒரு கதவு, மேலே ஒரு கதவு. இரண்டும் தளர்ந்து போனால் கீழே இருப்பது பனிப்படலம்போல் மேலே வந்துவிடும். உணவுக் குழாயில் அதிக நேரம் தங்காததால் நெஞ்சு கரிப்பதில்லை; ஆனால் தொண்டையில் துளி பட்டாலும் போதும், புண்ணாகும். வந்த பெப்ஸின் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்தபடியாகப் புளிப்பு ஏதாவது வரும்போது மறுபடி விழித்துக்கொள்ளும் என்றும் ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். 1991-ல் கௌஃப்மன் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் எழுதிய பெரிய ஆராய்ச்சிக்குப் பிறகுதான் வைத்திய உலகம் இந்தத் தொண்டை எதுக்களிப்பைத் தனியாகக் கவனிக்க ஆரம்பித்தது. அதுவரை எத்தனை பாடகர்களுக்குச் சளி மருந்து கொடுத்தார்களோ!

நான் மருந்தை எதிர்பார்த்தேன். அவர் வாழ்க்கையை மாற்றச் சொன்னார். அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகள் 1980-களின் கடைசியிலிருந்து வந்திருக்கின்றன. நெஞ்சு கரிப்புக்கு அவை நல்ல மாத்திரைகள். ஆனால் தொண்டைக் கோளாறு மட்டும் உள்ளவர்களுக்கு அவற்றையும் வெறும் மாத்திரையையும் கொடுத்து இங்கிலாந்தில் பரீட்சை செய்து பார்த்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. "கொஞ்ச நாள் போட்டுப் பார்க்கலாம். பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். ராத்திரிச் சாப்பாட்டை மாற்றாமல் மாத்திரையை மட்டும் விழுங்கிப் பிரயோசனமில்லை" என்றார் டாக்டர்.

அன்று முதல் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு ஆறரை மணிக்கு. படுக்க மூன்று மணி நேரம் முன்னால் வயிறு தன் கடையைக் கட்டிவிட வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்தோம். தலையணையை அடுக்கினால் போதாதா என்று கேட்காதீர்கள். அது இடுப்பில் உடம்பை மடித்து வயிற்றை இன்னும் அமுக்கும். படுப்பது இடப்பக்கமாக, அப்படிப் படுத்தால் இரைப்பை, வாசலைவிடத் தாழ்ந்து நிற்கும். வேஷ்டியை இறுக்கிக் கட்டக் கூடாது. அரை வயிறு சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டும். முன் உண்டது செரித்ததை அறிந்து பிறகு உண்டால் மருந்தே வேண்டாம் என்று திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொல்லியிருப்பதைத்தான், டாக்டர் பீஸ் வாங்கிக்கொண்டு சொன்னார்.

கனைக்கக் கூடாது என்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான விரதம். ஒவ்வொரு கனைப்பிலும் குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதி, இருக்கிற வீக்கம் அதிகமாகிறது. கனைக்கத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். கிசுகிசுவென்று பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைக்கிறோமே, அதுவும் தவறாம். பேசுவதென்றால் மெதுவாக, குரலோடு பேச வேண்டும். இல்லாவிட்டால் சும்மா இருக்க வேண்டும்.

காப்பியின் கதையைச் சொல்லாமல் விட்டால் மலைக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். நாளைக்கு ஐந்து டம்ளர் குடித்தவன், காலையில் ஒன்று என்று வந்து நின்றேன். வறுக்கிற வாசனைக்குத் தடையுத்தரவு இல்லை என்பது ஒரு ஆறுதல். கல்யாண வீடுகளில்தான் சங்கடம். "காப்பி வேண்டாம்" என்று வெள்ளக்கடையில் ஒருவன் சொன்னால், கொடுக்கிறவர்களுக்கு மனஸ்தாபம் என்று அர்த்தமாகிறது. தொண்டையைக் காட்டி, கையால் விளக்கம் சொல்லிச் சொல்லி, நான் பாதி நாட்டியக்காரனாகிவிட்டேன்.

டாக்டர் என்னை அனுப்பும்போது சொன்ன ஒரு வார்த்தை மட்டும் வீடு வரை கூடவே வந்தது. "குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் யாராக இருந்தாலும் தொண்டைக்குள் பார்த்துவிட வேண்டும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. பனி, சளி, வயிறு என்று நாமாகத் தீர்மானிக்கக் கூடாது."

மேஸ்திரியின் நினைவு வந்தது. அவர் காதில் எப்போதும் ஒரு பீடி செருகியிருக்கும். "எனக்கும் உங்களுக்கு வந்ததேதானுங்க ஐயா. நானும் காப்பியைக் குறைச்சுட்டாப் போவுது" என்று அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் மகனிடம் பேசினேன். மகன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அழைத்துப் போனான். சேலத்தில் பார்த்தவர்கள், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே சொன்னது நாங்கள் பயந்த அதே பெயர். ஆனால் அது குரல் நாணிலேயே தொடங்கியிருந்தது, பரவவில்லை. குரல் நாணில் வந்தால் சீக்கிரமே குரலைக் கெடுத்துத் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதும், அந்த நிலையில் கதிர் வைத்தியத்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படும் என்பதும் அப்போது தெரிந்துகொண்டோம். காட்டிக் கொடுத்ததைக் காது கொடுத்துக் கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் ஒரே குரல். ஒருவனுக்குச் செங்கல் இரண்டு வைத்தால் போதும். ஒருவருக்கு ஆறு வாரம் சென்னையில். வெளியிலிருந்து கேட்டு வித்தியாசம் சொல்ல யாராலும் முடிந்திருக்காது.

எனக்கு ஆறு மாதத்தில் குரல் முக்கால்வாசி திரும்பிற்று. பாக்கிக் கால்வாசி, நான் கல்யாண விருந்து சாப்பிட்ட மறுநாள் லீவு எடுத்துக்கொள்ளும். ராத்திரி வாசிப்பு இப்போது சாயங்கால வாசிப்பாக மாறிவிட்டது; ஒரு தடவைக்கு நாலு பக்கத்துக்கு மேல் கிடையாது. முன்பெல்லாம் என் கதாபாத்திரங்கள் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். இப்போது எனக்கு மூச்சு முட்டும் என்று தெரிந்தே சுருக்கமாகப் பேசுகிறார்கள். "கதைக்கு நல்லதுதானுங்க" என்கிறாள் என் மனைவி, வெற்றிலையை மடித்தபடியே.

மேஸ்திரி காப்பி பழுக்கிற காலத்துக்கு வேலைக்கு வந்துவிட்டார். பீடியை விட்டாயிற்று. காதில் வெறுமனே இருக்கிறதே என்று பென்சில் ஒன்றைச் செருகியிருக்கிறார். குரல் பழைய கணீர்க் குரல் அல்ல. அடியில் கொஞ்சம் மணல் இருக்கிறது. காலையில் மூடுபனிக்குள் நின்றுகொண்டு அவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவதை என் ஜன்னலிலிருந்து கேட்கிறேன். சரிவின் கடைசியில் நிற்கிறவள் வரைக்கும் கேட்கிறது. "வந்தேனுங்க" என்று பதில் வருகிறது.