கடல் கடந்த மாநாட்டிற்கு ஒரு பிரயாணத் திட்டம்

வெளிநாட்டில் கூடும் அறிஞர் மாநாடு ஒன்றில் கட்டுரை படிக்க நம்மவர் வீட்டுப் பிள்ளை அழைக்கப்பட்டால், நம் சங்கத்தில் மாலையும் பாராட்டுரையும் உடனே ஆயத்தமாகிவிடுகின்றன. வேண்டியதுதான். ஆனால் அழைப்பு வந்த நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் இடையே அந்தக் குடும்பம் படுகின்ற பாட்டை நம் ஏட்டில் யாரும் எழுதக் கண்டதில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு, மாநாட்டின் புலமையைப் பற்றிப் பேச அருகதை கிடையாது. பிரயாணத்தைப் பற்றி மட்டும் சிறிது பேசலாம். பிறருடைய பிரயாணங்களுக்கு வழிதேடிக் கொடுப்பதே என் ஜீவனம்.

கரக்பூரில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி வசிக்கும் பெரியவர், பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் சரித்திரத்தில் ஆராய்ச்சி மாணவி. பெங்கால் நாகபுரி இரயில்வேயின் காலத்தில் தெற்கேயிருந்து வந்து இவ்வூர்ப் பணிமனையில் சேர்ந்த குடும்பங்கள், 1927-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது எவ்வாறு அடுப்பெரித்தன என்பதே அவள் எடுத்துக்கொண்ட பொருள். அதாவது, நம் பாட்டன்மார் பாட்டிமார் கதை. 2025 அக்டோபர் 1 முதல் 4 வரை ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கூடிய ஐரோப்பியத் தென்னாசிய ஆய்வு மாநாட்டிற்கு அக்கட்டுரை ஏற்கப்பட்டது. 1386-இல் தோன்றிய பல்கலைக்கழகத்தை உடைய ஊர் அது. அங்கே 1962-இல் நிறுவப்பெற்ற தென்னாசிய ஆராய்ச்சி நிலையத்தில் தமிழும் கற்பிக்கிறார்கள். நம் குடியிருப்பின் கதை அங்கே வாசிக்கப்படப் போகிறது என்றறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மகிழ்ச்சி இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள் மாலை அவள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“அண்ணா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். போகவேண்டாம் என்று எழுதிவிடலாமா?” என்றாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். போகவர விமானக் கட்டணம் ஏறத்தாழ 70,000 ரூபாய். ஆறு இரவு தங்கும் செலவு, யூரோ 100 ரூபாயைத் தாண்டியிருந்த அந்நாள் விலைக்கு, 27,000 ரூபாய். மாநாட்டுக் கட்டணம், காப்புறுதி, விசா, அங்குள்ள இரயில், உணவு எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் இலட்சத்துக்கு வந்துவிட்டது. அவளுக்கு மாத உதவித்தொகை 8,000 ரூபாய். செலவின் பெரும்பகுதியை அவளுடைய பல்கலைக்கழகம் கொடுக்கும்; ஆனால் திரும்பி வந்த பிறகு, அசல் இரசீதுகளையும் விமானமேறும் அட்டைகளையும் வைத்து எழுதும் பில்லின் பேரில்தான் கொடுக்கும். வெளியூர் வேலையாகப் போகும் எங்களுக்கு முன்பணம் உண்டு. அங்கே விசாரித்ததில், ஆசிரியர்களுக்கு உண்டு, மாணவர்களுக்கு இல்லை என்றார்கள். ஆக, ஏழு மாத வருமானம் பதினைந்து மாத வருமானம் என்று கையில் வைத்திருக்கிறவனுக்குத்தான் இலவசம். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பணத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் திட்டத்தைச் சரிசெய்வோம் என்றேன். திட்டம் சரியானால் தொகை குறையும் என்பது என் தொழிலில் கண்ட அனுபவம்.

மாநாட்டுப் பிரயாணத்தைப் பின்னிருந்து முன்னாகக் கணக்கிடவேண்டும். திருமணத்துக்குப் போகிறவன் முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணி இரயிலைத் தேர்வதில்லையா, அதுபோலத்தான். அவள் கட்டுரை படிக்கும் வேளை அக்டோபர் 2, வியாழன் காலை. முந்தின நாள் மாலை போய்ச் சேர்ந்தால் போதாதா, இரண்டு இரவு வாடகை மிச்சமாகுமே என்று பெரியவர் கேட்டார். விமானம் ஒருநாள் பிந்தினால் முழுச் செலவும் வீணாகுமே, ஐயா என்றேன். ஒருநாள் பிந்தினாலும் கட்டுரை தவறாமலிருக்க, செப்டம்பர் 29 மாலையில் அவள் அங்கே இருக்கவேண்டும். அப்படியானால் 29 விடியற்காலையில் கல்கத்தாவை விட்டுப் புறப்படவேண்டும். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் அன்று மகாசப்தமி!

வங்காளத்தில் வாழும் அன்பர்களுக்கு இதற்குமேல் சொல்லவேண்டியதில்லை. துர்க்கா பூஜையின் இரவுகளில் ஹௌராவிலிருந்து டம்டம் விமான நிலையத்துக்கு வண்டியில் போவதாக நினைப்பது, தேர்த்திருவிழாவன்று தேருக்குக் குறுக்கே மாட்டுவண்டி ஓட்ட நினைப்பதாகும். மெட்ரோ இரயில் விமான நிலையம் வரையில் 2025 ஆகஸ்டு 22-இல் திறக்கப்பட்டிருந்தது. ஹௌராவில் ஏறி, எஸ்பிளனேடிலும் நோவாபாராவிலும் மாறினால் போய்விடலாம். ஆயினும் பெட்டியும் கையுமாகத் திருவிழாக் கூட்டத்தில் இருமுறை மாறுவது அவளுக்குக் கஷ்டம் என்று தோன்றிற்று. சஷ்டியன்று காலையிலேயே கரக்பூரை விட்டு, நண்பகலில் ஹௌரா சேர்ந்து, சாயங்காலக் கூட்டம் திரளுமுன் டாக்சியில் டம்டம் போய்விடுவது. இரவை நிலையத்திலேயே உட்கார்ந்து கழிப்பது என முடிவாயிற்று. தகப்பனாரின் ஓய்வுகால இரயில்வே பாஸ் ஹௌரா நடைமேடையோடு நின்றுவிடுகிறதே என்று பெரியவர் வருந்தினார்.

அடுத்தது விமானச் சீட்டு. கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு ஒரு கம்பெனி, தில்லியிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு வேறொரு கம்பெனி என்று தனித்தனியே வாங்கினால் 9,000 ரூபாய் குறைந்தது. வளைகுடா நகரம் ஒன்றில் மாறிச் செல்லும் ஒரே சீட்டு அதைவிட விலை அதிகம். அவள் மலிவையே விரும்பினாள். நான் கூடாதென்று வற்புறுத்தினேன். தனித்தனிச் சீட்டில், முதல் விமானம் பிந்தினால் இரண்டாம் கம்பெனிக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. நீ வரவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விடும். பெட்டியையும் தில்லியில் நாமே எடுத்து மறுபடி ஒப்படைக்கவேண்டும். நம் இரயில்வேயிலும் இந்த உபத்திரவம் இருந்தது. 2019 ஏப்ரல் முதல்தான் இரண்டு தனித்தனி பி.என்.ஆர். எண்களை இணைத்துக்கொள்ள வழி செய்தார்கள். முதல் வண்டி பிந்தியதால் இரண்டாவது தவறினால், அதற்குரிய கட்டணம் பிடித்தமின்றித் திரும்பும். விமானத்தில் ஒரே சீட்டாக வாங்கினால், இணைப்புத் தவறினாலும் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அவர்களுடையது. 9,000 ரூபாய் அந்தப் பொறுப்புக்குக் கொடுக்கும் விலை. இதை மட்டும் விட்டுக்கொடுக்க என் மனம் இடந்தரவில்லை.

அந்த 9,000 வேறிடத்தில் திரும்பி வந்தது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம், 2024 ஜூன் முதல், 90 யூரோ. விதிகளை உட்கார்ந்து படித்தேன். விதிப்புத்தகம் படிப்பது என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வியாதி. விஞ்ஞான, ஆராய்ச்சி மாநாட்டில் கலந்துகொள்ளச் செல்லும் ஆராய்ச்சியாளர்களுக்குக் கட்டண விலக்கு உண்டு என்று அதில் தெளிவாக இருக்கிறது. மாநாட்டு அழைப்பையும் பல்கலைக்கழகச் சான்றையும் சேர்த்துக் கொடுத்து விலக்குக் கேட்டாள், கிடைத்தது. விண்ணப்பம் வாங்கும் நிலையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் கட்டவேண்டியிருந்தது. கேளாதவனுக்கு யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை.

விசாவைப் பற்றி மற்றவையும் சொல்லிவிடுகிறேன். புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; பதினைந்து நாளுக்குக் குறைவாக இருக்கும்போது கொடுக்கலாகாது. சாதாரணமாகப் பதினைந்து நாளில் முடிவு தெரியும். நாற்பத்தைந்து நாள் வரையிலும் நீளக்கூடும். பாஸ்போர்ட்டு, அந்நாட்டை விட்டுத் திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாகவேண்டும். இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்கவேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். தங்குமிடத்துக்கு அத்தாட்சி வேண்டும். விசா கிடைக்குமுன் பணம் கட்டித் தங்குமிடம் பிடித்தால், விசா கிடைக்காதபோது பணம் போய்விடும். ஆகையால் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய இடமாகப் பார்த்துப் பதிவு செய்யவேண்டும்.

தங்குமிடம் பற்றித்தான் எங்களுக்குள் நெடிய விவாதம் நடந்தது. ஹைடல்பர்க் சுற்றுலா ஊர். கோட்டையடிவாரத்துப் பழைய நகரில் உள்ள ஓட்டல்களின் வாடகை நமக்கு எட்டாது. பக்கத்து ஊரான மான்ஹைமில் ஒரு தனியறை மலிவாகக் கிடைத்தது. இரயிலில் கால்மணி நேரப் பிரயாணம். ஹைடல்பர்க்கிலேயே, நெக்கார் ஆற்றுக்கு வடகரையில் மிருகக்காட்சிச்சாலைக்கு அருகே ஓர் இளைஞர் விடுதி இருக்கிறது. அதில் பெண்களுக்கான பொது அறையில் ஒரு கட்டில், காலை உணவுடன். மான்ஹைமைவிடச் சற்றே கூடுதல். தனியறையில் தாளிட்டுக்கொண்டு இருந்தால்தான் தனக்கு நிம்மதி என்றார் தாயார். ஆனால் மாநாடுகளில் பகலில் படிப்பதைவிட மாலையில் பேசுவதே பெரிது என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். கடைசி வண்டியைத் தவறவிடக்கூடாதே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளிடம் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? தனியே இருட்டில் வேற்றூர் நிலையத்தில் இறங்குவதும் எனக்குப் பிடிக்கவில்லை. விடுதியே நிச்சயமாயிற்று.

ஜெர்மன் இரயில்களைப் பற்றி இரண்டொரு வார்த்தை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அங்கே சீட்டு வேறு, இருக்கை முன்பதிவு வேறு. பெரும்பாலான வண்டிகளில் முன்பதிவு கட்டாயமன்று. சீட்டு இருந்தால் ஏறிக்கொள்ளலாம், இடமில்லையேல் நிற்கலாம். காத்திருப்போர் பட்டியல் என்னும் நம் நாட்டுத் தவம் அங்கில்லை. மலிவான விரைவு வண்டிச் சீட்டு, குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே செல்லும். விமானத்திலிருந்து இறங்குகிறவர் அதை வாங்குவது விவேகமன்று. விமானம் பிந்தினால் சீட்டு வீண். ஆகையால் போகும்போது எந்த வண்டியிலும் செல்லும் சீட்டும், திரும்பும்போது மலிவுச் சீட்டும் என்று வைத்துக்கொண்டோம். பிராங்க்பர்ட் விமான நிலையத்திலேயே நெடுந்தூர இரயில் நிலையம் இருக்கிறது. மான்ஹைமில் மாறி, சுமார் ஒருமணி நேரத்தில் ஹைடல்பர்க் சேரலாம். ஜெர்மன் வண்டிகள் கடிகாரத்தைத் திருத்தும் என்று நம் பெரியோர் பேசுவதுண்டு. 2024-இல் அவர்களுடைய நெடுந்தூர வண்டிகளுள் 62.5 சதவீதமே நேரத்துக்குச் சென்றனவாம். அதிலும் ஆறு நிமிஷத்துக்குக் குறைந்த தாமதம் தாமதமாகவே எண்ணப்படுவதில்லை! படித்தபோது சக ஊழியர்களிடம் காட்டினேன். எங்கள் அலுவலகத்தில் அன்று எல்லோரும் நல்ல உற்சாகத்தோடு வேலை பார்த்தார்கள்.

இன்னொன்று. அக்டோபர் 3 ஜெர்மனி ஒன்றுபட்ட நாள்; தேசிய விடுமுறை. கடைகள் அடைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்படியே. பெரிய இரயில் நிலையத்துக் கடைகள் திறந்திருக்கும். சைவ உணவுக்காரியான அவள், 2-ஆம் தேதி மாலையே ரொட்டியும் தயிரும் பழமும் வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும் என்று திட்டத்தில் ஒரு வரி எழுதிச் சேர்த்தேன்.

இவ்வளவும் செய்த பின்னும் தொகை 1,12,000 ரூபாயில் வந்து நின்றது. என்னால் கொடுக்க முடிந்தது பத்தாயிரம். பெரியவர் தம் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுத்தார். மீதத்துக்குத் தாயார் தம் நான்கு வளையல்களைக் கழற்றி அடகுக் கடைக்குக் கொடுத்தனுப்பினார். மகள் தடுத்தாள், அழுதாள், அடுத்த வருஷம் வேறு மாநாடு வரும் என்றாள். “வளையல் இன்றில்லாவிட்டால் நாளைக்கு வரும். இவர்கள் கூப்பிட்ட தேதி வராது, போய்ட்டு வா” என்றார் அந்த அம்மாள். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு.

போனாள். பிராங்க்பர்ட்டில் விமானம் நேரத்துக்கு இறங்கிற்று. மான்ஹைமில் மாறவேண்டிய வண்டிதான் நாற்பது நிமிஷம் தாமதம். எந்த வண்டியிலும் செல்லும் சீட்டாதலால் அடுத்ததில் ஏறிவிட்டாள். இங்கே விஜயதசமியன்று துர்க்கையை எடுத்துச் சென்றுகொண்டிருந்த வேளையில், அங்கே அவள் கட்டுரையைப் படித்து முடித்தாள். தன் பாட்டி வேலைநிறுத்த காலத்தில் பாதிப்படி அரிசியை ஒன்பது பேருக்குக் கஞ்சியாக்கியதை அவள் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து, இந்தச் செய்தி எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று கேட்டாராம். என் அப்பாவின் நினைவில் இருக்கிறது என்றாளாம். அன்றிரவு விடுதியில் அவளோடு தங்கியிருந்த வேற்றுநாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் நடுநிசிவரை அதைப்பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள் என்று எழுதியிருந்தாள்.

பில் அக்டோபர் இறுதியில் கொடுக்கப்பட்டது. விடுதி இரசீது ஜெர்மன் மொழியில் இருக்கிறதென்று கணக்குப் பிரிவிலிருந்து திரும்பி வந்தது. மொழிபெயர்ப்புச் சேர்த்துக் கொடுத்தாள். பிறகு ஒரு விமானமேறும் அட்டையில் பெயரின் முன்னெழுத்து இல்லையென்று மறுபடி வந்தது. பணம் 2026 பிப்ரவரியில் கிடைத்தது. விமானமும் தங்குமிடமும் முழுமையாகக் கொடுத்தார்கள். காப்புறுதியும் விசா நிலையத்துச் சேவைக் கட்டணமும் வெட்டப்பட்டன. வளையல்களுக்கு ஏழு மாத வட்டி ஏறியிருந்தது. அதை எழுதுவதற்கு அந்தப் பில் படிவத்தில் கட்டமே கிடையாது.

நம் சங்கத்தின் கையிருப்பில் கட்டட நிதியென்று ஒரு தொகை பல ஆண்டுகளாக வங்கியில் கிடக்கிறது. அதிலிருந்து இரண்டு இலட்சம் ரூபாயைப் பிரித்து, மாநாட்டுக்கோ நேர்முகத் தேர்வுக்கோ செல்லும் பிள்ளைகளுக்கு வட்டியில்லா முன்பணமாகக் கொடுத்து, பில் பணம் வந்ததும் திரும்பப் பெறும் சுழல்நிதி ஒன்று ஏற்படுத்தவேண்டுமென்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் அது விவாதத்துக்கு வருகிறது. திரும்பாமல் போனால் என்ன செய்வது என்று பொருளாளர் கேட்டிருக்கிறார், நியாயமான கேள்வி. குடும்பத்தில் ஒருவரும் சங்க உறுப்பினர் ஒருவரும் பிணை எழுதித் தரலாம் என்பது என் யோசனை. வேறு நல்ல வழி தெரிந்த அன்பர்கள் கூட்டத்துக்கு வந்து சொல்லவேண்டும். இதற்கிடையில், தெற்குப் பக்கத்துக் குடியிருப்பில் பௌதிகம் படிக்கும் பையன் ஒருவன் நேற்று என்னைத் தேடி வந்திருந்தான். அவனுக்கும் ஓர் அழைப்பு வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு இன்னும் போலீஸ் விசாரணை முடியவில்லை.